கத்திரிப்பூ நிறத்துக்குக் காத்திருந்தோம்

போன மாதம், நான் வேலை பார்த்த லேபுக்குப் போயிருந்தேன். ரிடையர் ஆனவன் போனால் ஒரு நாற்காலியும் காபியும் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பார்கள். எனக்கு ஓரமாக உட்கார வராது. புது மெஷின் வந்திருக்கிறது என்று காதில் விழுந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ரேவதி என்ற பெண் அதை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு ரத்தம் உள்ளே போகிறது, நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் டெஸ்டோஸ்டிரான் எவ்வளவு என்று சீட்டு வெளியே வருகிறது.

“சுகர் இருக்கற ஆம்பளைங்க எலும்பு ஒடைஞ்சு வந்தா இப்ப இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்றாங்க சார். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?” என்றாள்.

“இருந்துச்சும்மா. ரத்தத்துல இல்ல, மூத்திரத்துல.”

பக்கத்திலிருந்த பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “சும்மா சொல்லாதீங்க சார், எழுதிக் கொடுங்க” என்றாள் ரேவதி. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் முனிரத்தினத்தின் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். மிஷன் ஸ்கூலில் டிரில் மாஸ்டராக இருந்த எங்கள் நைனா என்னையும் வாத்தியாராக்கத்தான் ஆசைப்பட்டார். நான் பி.எஸ்சி.க்குப் பிறகு வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு, சித்தூரில் கொஞ்ச காலம் ரத்தம், சளி என்று பார்த்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் திருப்பதிக்கு வந்தேன். பெரிய ஆஸ்பத்திரி, தனியாக பயோகெமிஸ்ட்ரி லேப். எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனாவுக்கு மட்டும் கடைசிவரை மனம் ஆறவில்லை. “மூத்திரம் காய்ச்சறதுக்காடா உன்ன பி.எஸ்சி. படிக்க வெச்சேன்?” என்பார். சபையில் யாராவது கேட்டால், “பையன் திருப்பதில கெமிஸ்ட்ரி பாக்கறான்” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

லேபுக்குத் தலைவர் டாக்டர் வசுந்தராம்மா. தெலுங்குக்காரர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதன்மேல் முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைக் கோட்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் எண்ணைப் பார்க்கமாட்டார். “எவரிதி இதி?” என்பார். யாருடையது இது? பெட் நம்பரைச் சொன்னால் காகிதத்தை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பெயர் சொல்ல வேண்டும், ஊர் சொல்ல வேண்டும், என்ன வேலை செய்கிற மனிதர் என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் எண். இதற்காகவே நான் தினமும் வார்டுக்கு ஓடுவேன். டெக்னீஷியன்கள் யாரும் வார்டுப் பக்கம் போகாத காலம் அது.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பல வருஷமாகச் சர்க்கரை இருக்கிற ஆண்களில் சிலருடைய எக்ஸ்ரேயைப் பார்த்தால் எலும்பு வெளிறிப்போயிருந்தது. நாற்பது வயதுகூட ஆகாதவர்களுக்கும். சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது, அது ஒன்று. ஆனால் அது மட்டுமா? மீசை தாடியை வளர்க்கிற அதே ஹார்மோன்தான் ஆணின் எலும்பையும் தாங்குகிறது. சர்க்கரைக்காரர்களில் சிலருக்கு அதுவே குறைந்துபோகிறதோ? நான் படித்த புத்தகத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை. அதனால் அம்மா வார்டில் ஆண்களிடம் நேராகவே கேட்டுவிடுவார்: “எத்தனை நாளைக்கு ஒருக்கா ஷேவிங்? முன்ன எப்படி, இப்ப எப்படி?”

“மலைமேல போனாத்தான் மொட்டைன்னு நெனச்சேன், இங்கியே ஆரம்பிச்சிட்டீங்களாம்மா?” என்று ஒரு கிழவர் கேட்க, வார்டே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். ஆனால் பதில் வாங்காமல் நகரவில்லை.

டெஸ்ட் எப்படி என்று ரேவதிக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீர் வேண்டும். காலையில் முதலில் போவதைக் கொட்டிவிட வேண்டும். அதிலிருந்து மறுநாள் காலை முதலில் போவதுவரை ஒரு சொட்டு விடாமல் பெரிய பழுப்புப் பாட்டிலில் சேர்க்க வேண்டும். அதில் கொஞ்சம் எடுத்து, ஆசிட் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, ஈதரோடு குலுக்கினால் ஹார்மோனின் கழிவுகள் ஈதருக்கு ஏறிவிடும். ஈதரைச் சோடாக் கரைசலிலும் தண்ணீரிலும் கழுவி, வெந்நீரில் வைத்து ஆவியாக்கினால் அடியில் எண்ணெய்க் கறைபோல ஒன்று நிற்கும். அதில் இரண்டு மருந்து சேர்த்து, இருட்டு அலமாரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ஹார்மோன் இருந்தால் கத்திரிப்பூ நிறம் வரும். நிறம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு ஹார்மோன். இல்லையென்றால் வெளுத்த டீத்தண்ணி மாதிரி நிற்கும். வந்த நிறமும் வெகுநேரம் தாங்காது, பழுப்பாகிவிடும். சட்டென்று நிறம் அளக்கும் மெஷினில் வைத்து அளந்துவிட வேண்டும்.

சொல்லும்போது சுலபம். திருப்பதி வெயிலில் ஈதர் பாட்டிலைத் திறந்தாலே கொதிக்கும். விடிந்ததும் வந்து, ஐஸ் தொட்டியில் பாட்டிலை நிறுத்தி, ஃபேனை அணைத்து, ஜன்னலில் ஈரச்சாக்கு கட்டி வேலை செய்வேன். பக்கத்து அறையில்கூட யாரும் தீக்குச்சி உரசக் கூடாது. முடிகிறபோது தலை கிறுகிறுக்கும். இத்தனை செய்தும் இது துல்லியமான டெஸ்ட் இல்லை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து வருவதும் இதில் கலந்துதான் தெரியும். எங்கள் கையில் இருந்தது அதுதான்.

முனிரத்தினம் வந்தது ஒரு வெயில் காலத்தில். வரதய்யபாளையம் பக்கத்துக் கிராமம், நம்ம தமிழ் ஆட்கள். சொந்த நிலம் கிடையாது. கரும்பாட்டும் காலத்தில் கூட்டமாகச் சித்தூர் பக்கம் வந்து கொட்டகையில் வெல்லம் காய்ச்சிவிட்டு, சீசன் முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை, தினமும் இன்சுலின். “வெல்லக் கொட்டாயில கீறவனுக்கு சக்கர வராம உப்பா வரும்?” என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார். முப்பத்தெட்டு வயசு. ஊர் திரும்பும் வழியில், திருப்பதி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்துவிட்டது.

“எப்படிய்யா விழுந்தே?” என்று எல்லாரும் கேட்டார்கள்.

“விழுந்து ஒடையல சார். ஒடைஞ்சிதான் விழுந்தேன்.”

யாரும் நம்பவில்லை. குடித்துவிட்டு விழுந்தவன் கதை கட்டுகிறான் என்றார்கள். அவருடைய மச்சான்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பெரியவன் ஏழுமலை வார்டு வாசலிலேயே சத்தம் போட்டான்: “கொட்டாயில நல்லா ஊத்திக்கினு வந்து இங்க விழுந்து கெடக்கறாரு. பன்னண்டு வருசமா ஒரு கொழந்த இல்ல. எங்க அக்கா இன்னும் எத்தினி காலம்தான் இந்த ஆளோட மாரடிக்கும்? ஊர்ல பேசித் தீர்த்துட்டு வேற எடம் பாக்கறோம்.” அவர்கள் சாதியில் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்துவிட்டால் அதோடு தீர்ந்தது. பெண் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். முனிரத்தினம் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அத்தனையும் கேட்டார். அவர் மனைவி கன்னியம்மா கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “இதுல ஆணி அடிச்சா நிக்காது” என்று சொல்லிவிட்டார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். வசுந்தராம்மா அந்த எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எலும்புக்குள் ஓட வேண்டிய கோடுகள் பாதிக்குமேல் இல்லை. கட்டிலுக்குப் போய் ஷேவிங் கேள்வியைக் கேட்டார். “வாரத்துக்கு ஒருக்கா பண்ணாப் போதும்மா. முன்னல்லாம் தெனம் பண்ணணும்” என்றார் முனிரத்தினம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். “இன்னா சார் பாப்பீங்க இதுல?” என்று கேட்டார். எனக்கு யாராவது கேட்டால் போதுமே. ஆண் ஹார்மோன், ஈதர், கத்திரிப்பூ நிறம் எல்லாவற்றையும் கட்டிலருகில் நின்று ஆர்வமாக விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் வந்த பாட்டில் நிரம்பி வழிந்தது. டெஸ்ட் வைத்தேன். அலமாரியைத் திறந்தால் அருமையான கத்திரிப்பூ நிறம். கொஞ்சமும் குறைவில்லை. ஓட்டமாக அம்மாவிடம் போனேன்.

“எவரிதி இதி?”

“முனிரத்தினம், அம்மா. வரதய்யபாளையம் பக்கம். வெல்லம் காய்ச்சறவர். நார்மல்!”

“கிரியாட்டினின் பார்த்தியா டேனியலு?”

பார்க்கவில்லை. பார்த்தேன். கிரியாட்டினின் உடம்புத் தசையிலிருந்து வருவது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. முனிரத்தினம் ஒட்டி உலர்ந்த மனிதர். பாட்டிலில் இருந்ததோ அவரைப்போல இரண்டு பேருக்கு உண்டானது. சர்க்கரை அளவும் அவருக்கு இருக்க வேண்டியதில் பாதிதான். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். “இதி ஒக்கரிதி காது. ஒரு ஆளுடையது இல்ல. வா.”

பக்கத்துக் கட்டிலில் கை முறிந்து ஒரு லாரி டிரைவர் இருந்தான். வாட்டசாட்டமான வாலிபன். எங்களைக் கண்டதும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும் நோயாளியின் தலைக்குக் கீழே தன் தலை இருக்கும்படிதான் உட்காருவார். தாழ்ந்த குரலில், தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

“முனிரத்தினம், எனக்கு உன்னுதுதான் வேணும். கொஞ்சமா இருந்தா கொஞ்சம். பக்கத்து பெட்காரன் எலும்புக்கு நான் மருந்து குடுத்து இன்னா புண்ணியம்?”

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலில் எடை தொங்கிக்கொண்டிருந்ததால் முகத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது.

“கலரு வர்லேன்னா நான் ஆம்பள இல்லன்னு ஆயிடும்மா. மச்சானுங்க அத்த ஊர்ல வெச்சிப் பேசுவானுங்க. குடிகாரன்னு சொல்றானுங்களே, அதுவே மேலு.”

“இன்சுலின் சுரக்கலன்னு தினம் ஊசி போட்டுக்கறியே, அதுக்கு வெக்கப்பட்டியா? இதுவும் அந்த மாதிரிதான். கொறைஞ்சா ஊசி இருக்கு. மாசத்துக்கு ஒண்ணு, எண்ணெய் ஊசி. கலர் எனக்குத் தெரியும், டேனியலுக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியணும்னா நீ சொல்லித்தான் தெரியணும்.”

அவர் சுவர்ப் பூச்சை நகத்தால் சுரண்டினார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, “சரிம்மா” என்றார்.

மறுபடியும் எடுத்தோம். இந்தத் தடவை பாட்டிலில் சர்க்கரையும் சரி, கிரியாட்டினினும் சரி, அவருடையதுதான். அலமாரியைத் திறந்தேன். வெளுத்த டீத்தண்ணி.

அன்று சாயந்திரம் மச்சான்கள் வந்தபோது அம்மா அவர்களை வராந்தாவுக்கு அழைத்துப்போய், இரண்டு எக்ஸ்ரேக்களை வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்று லாரி டிரைவர் வயதுக்காரன் ஒருவனுடையது, மற்றது முனிரத்தினத்துடையது.

“குடிச்சிட்டு விழுந்த ஆளுக்கு நீங்க இன்னாம்மா வக்காலத்து வாங்கறீங்க?” என்றான் ஏழுமலை.

“பாரு. இதுல கோடு இருக்கு, இதுல இல்ல. சக்கரை நோய் எலும்பைத் தின்னுட்டுது. அவர் விழுந்து ஒடையல. ஒடைஞ்சுதான் விழுந்தார். குடிச்சவர் இல்ல.”

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழுமலை இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தான். “இந்த எலும்ப வெச்சிக்கினா மாமா வெல்லக் கொப்பரை தூக்கிக்கினு இருந்தாரு?” என்று தம்பியிடம் கேட்டான். ஊர்க்கூட்டப் பேச்சை அதற்கப்புறம் அவன் எடுக்கவில்லை.

கன்னியம்மா ஒரு நாள் லேப் ஜன்னலுக்கு வந்தாள். வேறு பாட்டில் வேண்டும் என்று சாக்கு. “சார், கொழந்த இல்லாதது என் கொறதான்னு ஊர்ப் பொம்பளைங்ககிட்ட நானே சொல்லி வெச்சிக்கீறேன். என் வயித்துல கட்டி கீதுன்னு எங்க அம்மாகிட்ட கூட சொல்லிட்டேன். அவருக்கும் என் தம்பிங்களுக்கும் தெரியாது. நீங்க ஒண்ணும் எனக்குச் சொல்ல வாணாம். நான் கேக்கவும் மாட்டேன். அவரு நடந்தாப் போதும்.” அவள் போன பிறகு நான் வெறும் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். கழுவ எதுவும் இல்லை.

எண்ணெய் ஊசி ஆரம்பித்தார்கள். எலும்பு கூடவில்லை, ஆனால் வலி அடங்கியது. அக்குளில் கட்டை வைத்து நிற்கப் பழகியதும் ஊருக்கு அனுப்பினார்கள். மூன்றாவது ஊசி போட்டுக்கொண்ட பிறகு ஒரு நாள் சிறுநீர் சேர்த்து அனுப்பச் சொன்னார் அம்மா. ஊருக்குக் கிளம்பும்போது முனிரத்தினம் தாடையைத் தடவிக் காட்டினார். “சார், இப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்கா பண்ண வேண்டிதா கீது.” அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ஊசி முடிந்து பாட்டிலைக் கொண்டுவந்தவன் ஏழுமலை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். “கண்டக்டரு ‘ஏமன்னா, தேனா’ன்னு கேக்கறான் சார். ‘ஆமா, நக்கிப் பாக்கறியா’ன்னேன்.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவன் சொன்னான்: “மாமாவுக்கு ரெண்டு நாளா காய்ச்ச சார். குதிகால்ல புண்ணு. கறுப்பாக் கீது.”

எடை கட்டிக் கிடந்த காலில், குதிகால் மெத்தையில் அழுந்தி வந்த புண். சிறிசாக இருந்தபோது ஆறிவிட்டது என்று எல்லாரும் நினைத்தோம். சர்க்கரைக்காரருக்கு அங்கே வலி தெரியாது. அம்மாவிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. “ஈ ரோஜே. இன்னிக்கே கூட்டிக்கினு வரச் சொல்லு.” ஏழுமலை அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

மறுநாள் காலையில் ஒரு பால் வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். விஷம் மேலே ஏறிவிட்டது. காலை வெட்டி எடுக்கிற கட்டம்கூடத் தாண்டிவிட்டது என்றார்கள். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. “கலரு...” என்று ஏதோ கேட்க வந்தார். “இன்னிக்கு வெக்கறேன் அண்ணா” என்றேன். அவரை அண்ணா என்று நான் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

ஈதர் வேலையை முடித்து, மருந்து சேர்த்து, குழாயை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கிரியாட்டினின் பார்த்தேன். அவருடையதுதான். அந்த ஒரு மணி நேரம் முடிவதற்குள் அம்மா உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவர் கோட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

“போயிட்டான் டேனியலு.”

அம்மா அலமாரியைப் பார்த்தார். “எடுத்தியா?”

“இனிமே எதுக்கும்மா?”

“நேரம் ஆனதும் எடு. இது அவனுது.”

எடுத்தேன். அழுத்தமான நிறம் என்று சொல்ல முடியாது. ஆனால் கத்திரிப்பூதான், யாருக்கும் சந்தேகம் வராது. அம்மா குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “எவரிதி இதி?” என்று கேட்கவில்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

வெளியே வராந்தாவில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை வண்டிக்குப் போயிருந்தான். அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்துவந்தாள்.

“சார், அந்தக் கலரு?”

நான் முழித்தேன். கேட்கவே மாட்டேன் என்று சொன்னவள் அவள்.

“எல்லாம் சொல்லிட்டாரு சார். ஊருக்கு வந்தப்பறம், ஒரு நாள் சோறு துன்னுக்கினு இருக்கும்போதே சொன்னாரு. பக்கத்து பெட்டு ஆளு பண்ணதக் கூடச் சொல்லி சிரிச்சாரு. நானும் என் கட்டி கதையச் சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். இப்ப கத்திரிப்பூ கலரு வரும் பாருன்னு சொல்லிக்கினே இருந்தாரு.”

குழாய் என் கையில்தான் இருந்தது. நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, தோட்டத்துப் பக்கம் வெயிலில் உயர்த்திப் பிடித்தாள்.

“இது அவுரு ஒர்த்தரோடதுதான சார்?”

“அவர் ஒருத்தரோடதுதாம்மா. நானே பார்த்தேன்.”

அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் இன்னும் மெஷினில் வைத்து அளக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த நிறம் போய்விடும், அளக்க முடியாது. உள்ளே ஜன்னலோரம் நின்றிருந்த அம்மாவுக்கும் அது தெரியும். அவரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை.